ஊட்டியில் குடியிருக்கலாமா? ஒரு பழைய கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் நம் குடியிருப்பின் நடைபாதையில் ஒரே பேச்சுதான். "பேசாம ஃபிளாட்டை வித்துட்டு ஊட்டிக்குப் போயிரலாமுங்க." சி பிளாக் நண்பர் ஒருவர் குன்னூரில் இடம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இன்னொருவர் கோத்தகிரியில் அட்வான்ஸே கொடுத்துவிட்டதாகக் கேள்வி. மற்றவர்கள் மின்விசிறியைத் திட்டிவிட்டு, ஜூன் மாதம் சாரல் விழுந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இது வெறும் பேச்சில்லை. என் மனைவி பிறந்து வளர்ந்தது ஊட்டியில். மாமனார் கட்டிய வீடு இன்றும் அங்கே பூட்டிக் கிடக்கிறது. அதை வாங்க ஒருவர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், குடியிருக்க அல்ல, காட்டேஜ் ஆக்க. விற்றுவிடுவதா, நாங்களே மேலே போய்விடுவதா என்று முடிவு சொல்ல வேண்டிய நிலை. அதனால்தான் ஊட்டியின் வரலாற்றைக் கொஞ்சம் முறையாகப் படித்தேன். முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் லெட்ஜர் எழுதியவன் நான். எந்தக் கணக்கையும் ஆரம்ப இருப்பிலிருந்து பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

வெள்ளைக்காரர் வருவதற்கு முன் அது ஆளில்லாத மலை அல்ல. தோடர்கள் எருமை மேய்த்தார்கள். கோத்தர்கள் இரும்பு வேலையும் மண்பாண்டமும் செய்தார்கள். படுகர்கள் பயிர் வைத்தார்கள். குறும்பரும் இருளரும் காட்டை ஒட்டி வாழ்ந்தார்கள். தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். உதகமண்டலம் என்ற பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மந்துதான். குடியிருந்தவர்களின் பெயரில் தொடங்கிய ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நம் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன், தன் உதவியாளர்கள் இருவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டு, 1819 ஜனவரியில் தானே மலையேறினார். கோத்தகிரிப் பக்கம் முதலில் ஒரு வீடு கட்டினார். 1822-ல் ஊட்டியில் கல் பங்களாவைத் தொடங்கினார். இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருப்பது அதுதான். அதற்கான நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்பது பதிவு. இன்றைய சென்ட் விலை தெரிந்தவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடலாம். 1823-லிருந்து ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கினார். அது படகு சவாரிக்கான ஏரி அல்ல, பாசனத்தை மனதில் வைத்து உருவான நீர்த்தேக்கம்.

சல்லிவன் ஊட்டியைக் குடியிருப்பாகத்தான் நினைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. காய்கறியும் பழமரங்களும் பயிரிட்டுப் பார்த்தார். தோடர்களின் நில உரிமைக்காக மேலதிகாரிகளுடன் வாதாடினார். ஆனால் ஊர் அவர் கையில் நிற்கவில்லை. சில வருஷத்திலேயே சிப்பாய்கள் உடம்பு தேறும் இடமாக அது ராணுவ நிர்வாகத்துக்குப் போயிற்று. 1838-ல் அவருடைய மனைவியும் மகளும் இறந்தார்கள். இருவரும் புனித ஸ்டீபன் தேவாலய வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். 1841-ல் அவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார். ஊட்டியின் முதல் வீட்டுக்காரரே கடைசிவரை அங்கே இருக்கவில்லை.

பழைய வங்கிக்காரன் என்பதால் ஒரு கிளைக்கதை. 1830-களின் தொடக்கத்தில் ஊட்டியில் ஒரு பெரிய மாளிகையைக் கட்டியவர் சர் வில்லியம் ரம்போல்ட். ஐதராபாத்தில் நிஜாமுக்கே கடன் கொடுத்து, பிறகு முழுகிப்போன பால்மர் கம்பெனி என்ற வட்டிக்கடைப் பெருநிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவர் அவர். 1833-ல் அவர் காலமானார். அந்தக் கட்டடம்தான் பிறகு ஊட்டி கிளப் ஆயிற்று. ஸ்னூக்கர் விதிகள் அங்கேதான் எழுதி ஒட்டப்பட்டன. ஆக, மலையில் கட்டடம் கட்டுபவர் எங்கோ கீழே சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவது நேற்று ஆரம்பித்த பழக்கமில்லை.

1870-லிருந்து ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். கவர்னர், அவருடைய அலுவலகம், ஃபைல்கள், குமாஸ்தாக்கள் எல்லோரும் வெயில் காலத்தில் மேலே. சென்னையில் வெந்துகொண்டிருந்தவர்கள் இதைக் குறை சொல்லாமல் இல்லை. பக்கிங்ஹாம் பிரபு கவர்னராக இருந்தபோது கட்டிய மாளிகைதான் இன்றைய ராஜ்பவன். தாவரவியல் பூங்காவை 1848-லேயே மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் அமைக்கத் தொடங்கிவிட்டார். மலைரயில் பற்றிய பேச்சு 1854-ல் தொடங்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் வண்டி ஓடி, ஊட்டியை 1908-ல் எட்டியது. 46 கிலோமீட்டர் பாதைக்கு 54 வருஷம். நம் லிஃப்ட் மாற்றும் திட்டம் தாமதமாகிறது என்று செயலாளரைக் கோபிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

'அந்தக் காலத்து ஊட்டி சொர்க்கம்' என்று சொல்கிறோமே, அது யாருடைய சொர்க்கம் என்று கேட்க வேண்டும். கிளப்புக்குள் நம்மவர் போனது தட்டு ஏந்தித்தான். சீசன் முடிந்து கவர்னர் கீழே இறங்கிய பிறகு அந்த ஈரத்திலும் உறைபனியிலும் மிச்சமிருந்து ஊரைக் காத்தவர்கள் மார்க்கெட் வியாபாரிகள், சலவைத் தொழிலாளர்கள், தோட்டக்காரர்கள், சமையல்காரர்கள். அவர்களில் பலர் நம் கோவைப் பக்கத்திலிருந்து போனவர்கள். 1866-லேயே நகராட்சி வந்துவிட்டது. ஆனால் வசதிகளின் அளவு சீசனில் வருபவர்களை வைத்தே தீர்மானமாயிற்று.

விறகையே பாருங்கள். குளிர் காயவும் சமைக்கவும் சோலைக் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள். விறகு தட்டுப்பட்டதும், 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ் மரத்தை மலை மலையாக நட்டார்கள். புல்வெளியும் சோலையும் இருந்த இடத்தில் தைல மரம் நின்றது. சோலையும் புல்லும் பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்திருந்து வெயில் காலத்தில் ஓடையாக விடும். தைல மரம் அந்த வேலையைச் செய்யாது. ஊட்டி வாசனை என்று பாட்டிலில் வாங்கி வருகிறோமே, அது உண்மையில் ஆஸ்திரேலியா வாசனை.

சுதந்திரத்துக்குப் பிறகுதான், என் கணக்கில், ஊட்டி உண்மையிலேயே குடியிருக்கும் ஊராக ஆயிற்று. வெள்ளைக்காரர்கள் போனார்கள், மகாராஜாக்களின் பங்களாக்கள் காலியாயின. அந்த இடைவெளியில் வேலைகள் வந்தன. பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள், பிறகு குந்தா திட்டம் வந்தது. 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தி தொடங்கியது. சினிமா பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் அங்கே தயாராயின. தூசியில்லாத குளிர்ந்த காற்று என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர். 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-லிருந்து அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. உருளைக்கிழங்கு போட்ட சிறு விவசாயிகளும் தேயிலைக்கு மாறினார்கள்.

என் மாமனார் அந்த பிலிம் தொழிற்சாலையில் இருட்டறையில் வேலை பார்த்தவர். வெளிச்சத்துக்கு வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசுவார். 1979-ல் பி.எஃப். கடன் போட்டு, கோடப்பமந்துப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீடு கட்டினார்.

1985-லிருந்து 88 வரை நான் ஊட்டியில் ஒரு கிளையில் இருந்தேன். கல்யாணமும் அப்போதுதான். நோட்டு எண்ணுவதுதான் பெரிய பாடு. காற்றின் ஈரத்தில் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துப் போயிருக்கும், வவுச்சர் கட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் ஒரு விஷயம் அன்றே கவனித்தேன். மாதம் முதல் வாரம் கவுன்டரில் நிற்பவர்கள் சம்பளக்காரர்கள், தேயிலைப் பணம் எடுக்க வரும் விவசாயிகள். சேமிப்புக் கணக்குகள் வருஷம் பூராவும் ஒரே சீராக ஏறின. ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டல்காரர்களும் டாக்சிக்காரர்களும் கட்டும் பணம் அதன்மேல் ஒரு நுரை மாதிரிதான். நுரை அடங்கினாலும் அடியில் பால் இருந்தது.

பிறகு அடியில் இருந்தது வற்றத் தொடங்கியது. தொண்ணூறுகளில் இறக்குமதி பிலிமோடு போட்டி, அதன் பின் டிஜிட்டல் கேமரா. பிலிம் தொழிற்சாலை நலிந்த நிறுவனமாகி, மெல்ல மெல்ல நின்றே போயிற்று. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது, பறிகூலிக்குக்கூடக் கட்டாத நிலை. சிறு விவசாயி என்ன செய்வான்? நிலத்தை விற்றான். வாங்கியவர்கள் தேயிலைக்காக வாங்கவில்லை. பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். என் மைத்துனர்கள் இருவரும் அப்படிப் போனவர்கள்தான்.

நான் சொல்ல வந்த முக்கியமான எண் இதுதான். 2001-ல் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் அதுதான். ஊட்டி நகராட்சியில் ஏறக்குறைய 94,000 பேர் இருந்தது 88,430 ஆயிற்று. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இதுவே கடைசி இருப்பு. வேகமாக வளரும் ஊர் என்று நாம் எல்லோரும் சொல்லும் ஊரில் குடியிருப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள்! வளர்ந்தது வருபவர் எண்ணிக்கை, அறைகள், வாகனங்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த விவரப்படி சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைந்தன. அதைக் கேட்டுத்தான் நீதிமன்றம் அந்த மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. 2025-ல் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தது. டி.என். 43 பதிவெண் உள்ள உள்ளூர்க்காரர்களுக்கு அது தேவையில்லை. அந்தப் பதிவெண்ணுக்கு இப்போது தனி மதிப்பு என்று அங்கே வேடிக்கையாகச் சொல்கிறார்கள்.

குடியிருப்பவர் கண்ணால் பார்த்தால் இந்த வளர்ச்சி எப்படியிருக்கிறது? நகரின் முக்கியக் குடிநீர் பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. மார்லிமந்து, டைகர் ஹில் போன்ற பழைய நீர்த்தேக்கங்களும் உண்டு. எல்லாமே ஒரு சிறிய ஊருக்கான அளவு. எங்கள் தெருவில் ஏப்ரல், மே மாதங்களில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர். அதே தெருவில் காட்டேஜ்களுக்கு லாரி வந்துகொண்டே இருக்கும். சல்லிவன் வெட்டிய ஏரி பாதியாகச் சுருங்கிவிட்டது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் பழைய ஏரிப் பரப்பில்தான் நிற்கின்றன. மிச்ச ஏரிக்குள் கோடப்பமந்துக் கால்வாய் நகரத்தின் கழிவையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

மழையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1978 நவம்பர், 1993-ல் மரப்பாலம், 2009 நவம்பர் என்று மலை திரும்பத் திரும்பச் சரிந்திருக்கிறது. 2009-ல் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. பாறைக்கு மேல் ஆழமான மண், அந்த மண்ணில் சரிவை வெட்டிக் கட்டடம், தண்ணீர் ஓடும் ஓடையை அடைத்துப் பார்க்கிங். பிறகு சரியாமல் என்ன செய்யும்? இதற்காகத்தான் தொண்ணூறுகளில் மலைப்பகுதிக் கட்டட விதிகள் வந்தன. கட்டடம் ஏழு மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. விதி இருக்கிறது, சில இடங்களில் விதியை விடக் கட்டடம் உயரமாக இருக்கிறது. 2009-ல் மாமியார் தனியாக அந்த வீட்டில் இருந்தார். பின்பக்கத் தடுப்புச்சுவர் இரவோடு இரவாகச் சமையலறைச் சன்னல் வரை வந்து நின்றது. சாலை திறந்து நாங்கள் மேலே போய்ச் சேர ஐந்து நாள். அதோடு அவரைக் கீழே அழைத்து வந்துவிட்டோம். வீட்டுக்குப் பூட்டு விழுந்தது அன்றுதான்.

மாமனார் கதை அதற்கும் முன்னால். 2003 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி. முதலுதவி செய்து, உடனே கோவைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மற்ற மாதங்களில் இரண்டரை மணி நேரத்துப் பயணம். அன்று குன்னூர் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பர்லியார் வளைவுகளில் எதிரும் புதிருமாக டூரிஸ்ட் வண்டிகள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குரங்குக்குப் பொரி போடும் குழந்தைகள். அவர்கள் மேல் என்ன தப்பு, லீவுக்கு வந்தவர்கள். மேட்டுப்பாளையம் வந்து சேருமுன்பே முடிந்துவிட்டது. 'அது மே மாதமாக இல்லாமல் இருந்திருந்தால்' என்று என் மனைவி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அதன்பிறகு எந்த மே மாதமும் அவள் மேலே வந்ததில்லை.

வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேர்மையாகாது. 2025 ஏப்ரலில் ஊட்டியிலேயே 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. நாட்டிலேயே முன்னோடியாக 2000-த்தை ஒட்டி பிளாஸ்டிக் பைகளைத் தடுத்த மாவட்டம் அது. கடைக்காரர்கள் இன்றும் துணிப்பையைக் கேட்கிறார்கள். தெருவில் யாராவது இறந்தால் இன்னும் பாதி ஊர் வருகிறது. ஜூலை மாதம் சாரலில், சூடான வர்க்கியும் தேநீருமாகத் திண்ணையில் உட்கார்ந்தால் நம் நடைபாதைப் பேச்சு சரிதான் என்று தோன்றிவிடுகிறது.

ஆனால் அந்தத் தெருவில் எத்தனை திண்ணை மிச்சம்? போன தடவை எண்ணினேன். பதினொரு வீடுகளில் ஏழு காட்டேஜ். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால் பதில் கிடையாது, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆள் மாறுகிறார்கள். இரவு ஒரு மணிக்கு ஸ்பீக்கர். போன பொதுக்குழுவில் ஏ பிளாக் ஃபிளாட் ஒன்றை நாள் வாடகைக்கு விடுவது பற்றி நாம் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோமே, அதே சண்டைதான் அங்கே ஒரு மாவட்டம் முழுக்க. வித்தியாசம், அங்கே ஆட்சேபம் சொல்லக் கையைத் தூக்கும் குடியிருப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் குறைகிறார்கள். நாங்கள் வீட்டை விற்றால் பதினொன்றில் எட்டு.

வாங்க வந்தவரும் நல்ல மனுஷர்தான், அதையும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா தேயிலைத் தோட்டம் வைத்து நொடித்தவர். "சார், இலை போட்டா கடன்தான். ரூம் போட்டா பிள்ளைங்க ஃபீஸ் கட்ட முடியுது. வேற என்ன வேலை சார் இருக்கு இங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிலிம் தொழிற்சாலைக்குப் பதில் ஒரு தொழில் வந்திருந்தால் அவரும் என் மைத்துனர்களும் அங்கேயே சம்பளக்காரர்களாக இருந்திருப்பார்கள். சுற்றுலாவைக் குறை சொல்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் பேச வேண்டும். நான் உட்பட.

எனவே சி பிளாக் நண்பருக்கு என் யோசனை, மே மாதம் போய் இடம் பார்க்காதீர்கள் என்பது மட்டுமே. மே மாதம் பார்த்தால் குளிர் தெரியும். நவம்பரில் போனால் பின்சுவர் தெரியும், ஜனவரியில் போனால் உறைபனியில் மூட்டு என்ன சொல்கிறது என்று தெரியும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதைத் தரகரிடம் அல்ல, எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். எதிர்வீட்டில் ஒரு அம்மா இருந்தால்.

நாங்கள் இப்போதைக்கு விற்கவில்லை என்று சொல்லிவிட்டோம். தடுப்புச்சுவரைக் கல் வைத்து, தண்ணீர் வடியக் குழாய் விட்டுக் கட்ட ஆள் பேசியாகிவிட்டது. ஜூலை முதல் தேதி மேலே போய் அக்டோபர் வரை இருந்து பார்க்கப் போகிறோம். "ஏங்க, மூணு மாசம் இருந்துட்டு முடிவு பண்ணலாம், ஆனா மே மாசம் கீழ வந்துரணும்" என்பது வீட்டு அம்மாவின் நிபந்தனை. எதிர் ஃபிளாட்டில் சாவி கொடுத்திருக்கிறேன். பால்கனித் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்ற பி பிளாக்கில் யாராவது முன்வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். ஜூலை மாத மெயின்டனன்ஸ் முன்கூட்டியே கட்டிவிட்டேன், பொருளாளர் ரசீது மட்டும் பாக்கி.